கத்தரிப்பூ நிறப் பட்டும் நீனோவின் மேடையும்

இந்த வருடத்து முதல் ஓப்பராவில் கோரஸ் பாடுகிற அத்தனை பேருக்கும் கத்தரிப்பூ நிற உடுப்பாம். ஜூலியா தொலைபேசியில் சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தியேட்டரின் உடுப்பறையில் என் மேசைக்கு வந்திருக்கிற பெண் அவள். "புது இயக்குநர் வேணுமெண்டுதான் அந்த நிறத்தைத் தெரிஞ்செடுத்தவர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ராணி, முந்தி நீங்கள் எல்லாரும் உண்மையாவே இதுக்குப் பயந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. "அது பெரிய கதை பிள்ளை, போனிலை சொல்லேலாது" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். ஜூலியாவும் இந்தக் கதையில் இனி வரப்போகிற தியேட்டர்க்காரரும் பேசியது இத்தாலியனில், பாதி சிசிலியனில். எத்தனையோ வருடமாக அது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். பலெர்மோக்காரர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்களே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

முதலில் அந்தப் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் மேடைத் தொழில் செய்கிறவர்களுக்குக் கத்தரிப்பூ நிறம் ஆகாது. உடுப்பில் ஆகாது, பூங்கொத்தில் ஆகாது, பார்க்க வருகிறவரின் கைப்பையில்கூட ஆகாது. முற்காலத்தில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கொட்டகைகளை மூடிவிடுவார்களாம். நடிகனுக்கும் வேலை இல்லை, திரைக்கயிறு இழுக்கிறவனுக்கும் வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நாட்களில் தேவாலயத்தில் பாதிரியார் உடுத்துகிற நிறம் இது. வயிறு காய்ந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பட்டினியின் நிறமாகவே மனதில் வைத்துக்கொண்டார்கள். இப்போது தவக்காலத்திலும் தியேட்டர் நடக்கிறது. பயம் மட்டும் போகவில்லை.

நான் சாவகச்சேரிப் பக்கம். பலெர்மோவுக்கு வந்த புதிதில் வீடுகளில் வேலை செய்தேன். பிறகு ஒரு தியேட்டரில் துப்புரவு வேலை கிடைத்தது. இந்த ஊரில் மேடைகளுக்குக் குறைவில்லை. சுற்றுலாக்காரர் படிக்கட்டில் நின்று படம் எடுக்கிற பெரிய ஓப்பரா இருக்கிறது. வுச்சீரியாச் சந்தைப் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் மரப்பொம்மைகள் வாளெடுத்துச் சண்டை பிடிக்கிற சின்னக் கொட்டகை இருக்கிறது. எங்களுடையது இரண்டிலும் சேராது. பல்லரோச் சந்தைக்குப் பின்னால், பழைய மடம் ஒன்றைத் திருத்திக் கட்டியது. சிவப்புக் கதிரைகள், அளவான மேடை, மேடைக்குப் பின்னால் காட்சி அமைக்கிற செற் சாமான் ஏற்றி இறக்க ஒரு கல் முற்றம். மீன் விற்கிறவன் கூவுகிற சத்தம் சில நாட்களில் பாட்டுக்கு நடுவிலேயே கேட்கும்.

உடுப்பறையில் ஆள் குறைந்தபோது எனக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். பாவாடைக்கு ஓரம் அடிக்கத் தெரியும். பழைய காலத்துச் சீமாட்டிக்கு உடுப்பு மாட்டத் தெரியாது. அதைச் சிஞ்ஞோரா ரொசாலியாவிடம் கற்றுக்கொண்டேன்.

சிஞ்ஞோரா ரொசாலியா உடுப்பறைக்குப் பொறுப்பானவர். சிஞ்ஞோரா என்றால் அம்மணி என்ற மாதிரி, மரியாதைச் சொல். குள்ளம், நரைத்த கொண்டை, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பலெர்மோவில் 'ஜோயா' என்றால் கண்ணே, செல்லமே என்ற மாதிரி. ஊரெல்லாம் அன்பில் சொல்கிற சொல்லை இந்த மனுசி கோபம் வந்தால் மட்டும் சொல்வார். "ஜோயா, இதை ஆர் தைச்சது?" என்று மெல்லக் கேட்டால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் குனிந்து ஊசியைத் தேடுவோம்.

அவருடைய ஒழுங்குகள் எனக்கு இன்னும் கையிலேயே இருக்கின்றன. உடுப்புகள் இடமிருந்து வலமாக, மேடையில் வருகிற வரிசைப்படி தொங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே சப்பாத்து, கால் நுழைகிற பக்கம் நம்மைப் பார்த்தபடி. பாடகிக்கு உடுப்பு மாட்டுவதற்கு முன் சுடுதண்ணீரில் கையைப் பிடித்துச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த விரல் முதுகில் பட்டால் அவள் மூச்சு குழம்பும், மூச்சு குழம்பினால் பாட்டு போய்விடும் என்பார். வேர்வை நாற்றத்துக்குத் தண்ணீர் கலந்த வோட்கா தெளிப்பார். முதல் நாள் அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டு, மனுசி வேலை நேரத்தில் குடிக்குது என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

கஷ்டமானது இருட்டுக்குள் உடுப்பு மாற்றுவது. பாடகி மேடையின் ஒரு பக்கத்தால் ஓடி வருவாள். அவள் திரும்பிப் போகும்வரை வாத்தியங்கள் தனியாக வாசிக்கும்; நமக்கு அவ்வளவுதான் நேரம். புது உடுப்பைத் தரையில் வளையமாக விரித்து, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவள் உள்ளே கால் வைத்ததும் இரண்டு பக்கத்தாலும் ஒரே இழுவையில் தூக்கி, கொக்கிகளைக் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு வரவேண்டும். ஒரு சொல் பேசக்கூடாது. தோளில் ஒரு தட்டு தட்டினால் முடிந்தது, போ என்று அர்த்தம். முதல் வருடம் கொக்கிகள் என் கையில் இருந்து நழுவின. பிறகு நழுவவில்லை. நழுவவிடக்கூடாது என்று நான் தீர்மானித்தேன், அவ்வளவுதான்.

ஒருமுறை எங்கள் குழு பிரான்சின் தெற்குப் பக்கம் சுற்றுப்பயணம் போனது. எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு தியேட்டர் இருந்தது. ஒரு ஊரில் கல்லறைக்கும் பேக்கரிக்கும் நடுவில், இன்னொரு ஊரில் திராட்சைத் தோட்டக்காரரின் பழைய களஞ்சியத்துக்குள். ஒரு தியேட்டரில் நான் பச்சை நிறத் தொப்பி ஒன்றைத் தூசு தட்டிக்கொண்டு மேடையில் நடந்தேன். அங்கத்தைய உடுப்புக்காரி பதறியடித்து ஓடிவந்து அதைப் பறித்தாள். பிரான்சில் மேடைக்கு ஆகாத நிறம் பச்சையாம்! எங்கள் மேடைத் தலைவன் நீனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பச்சைக்குப் பயப்பிடுறாங்கள், விசரங்கள்! இவங்கள் கீரை சாப்பிடுறேல்லையோ?" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதே கதைதான்.

நீனோ திரை, கயிறு, பலகை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அவன் மேடையில் நின்று சரி என்று தலையாட்டாமல் யாரும் அங்கே கால் வைக்க முடியாது. அது சட்டம். ஆள் மலை போல இருப்பான், மனம் நல்லது.

இனி ஒரு அரங்கேற்றத்தின் கதைக்கு வருகிறேன். மலர் வன்னியில் இருந்து யுத்தம் முடிந்த பிறகு வந்தவள். பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில் ஒரு கிழவியைப் பராமரிக்கிற வேலை. அவளுடைய மகள் ஆரணி இங்கேயே வளர்ந்து, சின்ன வயதில் இருந்து பரதநாட்டியம் பழகினாள். அரங்கேற்றம் வைக்கிற காலம் வந்ததும் மலர் என்னிடம் வந்தாள். "ராணியக்கா, ஒரு உண்மையான மேடையிலை இவளை ஏத்த வேணும். வேறை ஒரு ஆசையும் எனக்கில்லை." எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட மண்டபங்களில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஆடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப் போயிருந்தது. தியேட்டர் நிர்வாகத்திடம் கேட்டேன். இல்லை என்றார்கள். பிறகும் கேட்டேன். கடைசியில், ஒரு கோடைச் சனிக்கிழமை மேடை சும்மா இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார்கள்.

உடுப்பு சென்னையில் தைத்து வந்தது. யாருடைய கண்ணும் படக்கூடாது என்று மலர் அதைப் பிரிக்காமலே பலெர்மோவில் இருக்கிற எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்பாளின் காலடியில் வைத்துவிட்டாள். நானும் பார்க்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அம்பாளிடம் இருந்து எடுத்துக்கொண்டு நேரே உடுப்பறைக்கு வந்தாள். அயன் பண்ணுகிற மேசையில் வைத்து அவிழ்த்தேன்.

அருமையான பட்டு. அகலமான சரிகைக் கரை. கத்தரிப்பூ நிறம்.

சிஞ்ஞோரா ரொசாலியா அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கினார். "ஜோயா, அதை மூடு" என்றார். மூடினேன். "அந்தத் துணியைத் தொட்டு வேலை செய்யிறதெண்டால் இந்த அறைக்குள்ளை இல்லை. தொட்ட கையோடை இஞ்சை வரவும் வேண்டாம்."

மலரை வெளியே கூட்டிக்கொண்டு போய், ஏன் இந்த நிறம் எடுத்தாய் என்று கேட்டேன். அவள் பயந்துபோனாள்.

"ஏனக்கா, வடிவாயில்லையே? நான் பாக்கிற கிழவி பெரிய வெள்ளிக்கு முந்தி என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. சுவாமியார் இந்த நிறம்தான் உடுத்தியிருந்தவர். சிலையளையும் இதாலைதான் மூடியிருந்தவை. இந்த ஊருக்கு இதுதான் புனிதமான நிறமெண்டு நினைச்சன். எங்களைச் சேர்த்துக்கொண்ட ஊரெல்லோ? அதுக்கொரு மரியாதை வேண்டாமே?"

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. ஊருக்கு மரியாதை செய்யப் போய், அந்த ஊரின் மேடைக்காரர் எதற்குப் பயப்படுகிறார்களோ அதையே பட்டில் நெய்து கொண்டுவந்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். நடன ஆசிரியையிடம் வேறொரு உடுப்பு இருந்தது, ஆனால் அது ஆரணியின் முழங்காலுக்கு மேலே நிற்கும். அளவாக இருந்தாலும் மலர் சம்மதித்திருக்க மாட்டாள்.

"அம்பாளுக்கு முன்னாலை வைச்சு எடுத்தது. இதை விட்டிட்டு வேறையொண்டைப் போடு எண்டு நான் பிள்ளைக்குச் சொல்ல மாட்டன் அக்கா. அதைவிட ஆடாமல் இருக்கட்டும்."

"பாஸ்தா, அம்மா!" என்றாள் ஆரணி, போதும் என்று இத்தாலியனில். அவள் அதுவரை சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஆடுவன். இண்டைக்கு ஆடுவன். எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஜேர்மனியில் இருந்தும் சுவிஸில் இருந்தும் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் வந்தாயிற்று. இந்தப் பிள்ளை இன்றைக்கு ஆடாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு நான் மேடைக்குப் போனேன்.

நீனோவுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. கயிறுகள் கட்டியிருக்கிற இரும்புக் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். கெட்டது அண்டாமல் இருக்க இந்த ஊர்க்காரர் இரும்பைத் தொடுவார்கள். நான் வாயைத் திறக்க முன்னமே "மாட்டன்" என்றான்.

எனக்குச் சூடேறிவிட்டது. "பிரான்சிலை பச்சைத் தொப்பிக்குப் பயந்தவளைப் பாத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சியே! அவள் விசரியெண்டால் நீ ஆர்?"

அவன் முகம் வெளிறியது. பிறகு மேலே, கயிறுகள் ஓடுகிற உயரத்துப் பலகையைக் காட்டினான். "என்ர அப்பாவும் இந்த வேலைதான் ராணி. வேறையொரு தியேட்டரிலை. அண்டைக்கு முன் வரிசையிலை ஒரு பொம்பிளை இந்த நிறத்திலை உடுத்துக்கொண்டு வந்திருந்தவ. அப்பா மேலையிருந்து விழுந்திட்டார். எனக்கும் தெரியும், துணி ஆளைத் தள்ளிவிடாது. ஆனால் அதைப் பாத்தால் என்ர கை கயித்தைப் பிடிக்காது. பிடிக்காத கையோடை நான் மேடையிலை ஆக்களை ஏத்தமாட்டன்."

என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அப்பன் விழுந்த கதையோடு யார் வாதாடுவது? அவனுக்கு அவன் பயம், எங்களுக்கு எங்கள் அம்பாள். இரண்டையும் அவமதிக்கக்கூடாது. ஆனால் அரங்கேற்றத்தை நான் விடவில்லை. பக்கத்தில் கிடந்த பெட்டியில் உட்கார்ந்து யோசித்தேன். பிரான்சில் பயந்த நிறம் எல்லை தாண்டி வந்ததும் வெறும் தொப்பியானது. அப்படியானால் பயத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

"சரி நீனோ" என்றேன். "உன்ர மேடைக்கு இந்த நிறம் வராது. நான் வாக்குத் தாறன். ஆனால் உன்ர மேடை எங்கை முடியுது? அதை எனக்குக் காட்டு."

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு நடந்தான். மேடையின் பின்பக்கம் செற் சாமான் கொண்டுவருகிற பெரிய கதவு இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தான். கீழே நிலத்தில் பதித்திருந்த இரும்புப் படியில் சப்பாத்தால் தட்டினான்.

"இது வரைக்கும்."

"இதுக்கு அங்காலை?"

"அங்காலை முற்றம். அங்கை அது வெறும் துணி."

"அப்ப பிள்ளை அங்கை ஆடும்" என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். உடுப்பறைக்கு ஏறிப்போய் என் ஏப்ரனைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினேன். சிஞ்ஞோரா ரொசாலியா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஏப்ரனைத் திரும்பவும் கட்டுவேனா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. என்றாலும் இறங்கிப் போனேன்.

பல்லரோவில் எங்கள் ஆள் ஒருவரின் மளிகைக் கடை இருக்கிறது. அதன் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் தேங்காய்ச் சாக்குக்கும் நடுவில் ஆரணிக்கு உடுப்பு மாட்டினேன். கடைக்காரர் தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணீரில் முதலில் கையைச் சூடாக்கிக்கொண்டேன். உடுப்பின் துண்டுகளை அரிசி மூட்டைகள் மேல் இடமிருந்து வலமாக அடுக்கினேன். மேற்சட்டை, கால்சட்டை, இடுப்பு விசிறி, மேலாக்கு. கொக்கிகளைக் கீழிருந்து மேலே போட்டேன். ஒட்டியாணம் கட்டி, சலங்கையை மலர் கட்டி முடித்ததும், பழக்கத்தில் பிள்ளையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

முழு அலங்காரத்தோடு அவள் சந்தைக்குள்ளால் நடந்து போனாள். வெயில் சாய்ந்து, கடைகளை மூடிக்கொண்டிருந்த நேரம். சலங்கைச் சத்தம் கேட்டு மீன்காரன் கூவுவதை நிறுத்தினான். தக்காளிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் ஓரம் விட்டார்கள். "எங்கை பிள்ளை, கலியாணமோ?" என்று ஒரு கிழவி கேட்டாள். "இல்லை, ஆடப் போறன். நீங்களும் வாங்கோ" என்றாள் ஆரணி. கிழவி வந்தாள். அவளோடு இன்னும் பலர் வந்தார்கள்.

முற்றத்துக்குள் போனதும் நான் நின்றுவிட்டேன். கல் நிலத்தில் வெறுங்காலோடு ஆடினால் பிள்ளையின் குதி போய்விடுமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே நீனோ சட்டையெல்லாம் நனைந்து, ஒத்திகைக்குப் போடுகிற மரப் பலகை மேடைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். இறக்கி, ஒன்றோடொன்று பூட்டி, ஏறி நின்று குதித்துப் பார்த்தான். இரண்டு விளக்குகளையும் நிறுத்தியிருந்தான். என்னைக் கண்டதும், "இது மேடையில்லை. வெறும் பலகை. விளங்குதே?" என்றான்.

"ஓம், வெறும் பலகை" என்றேன்.

உள்ளே நெருப்பு வைக்கக்கூடாது என்பதால் பற்றரி விளக்குத்தான் கொண்டுவந்திருந்தோம். வெளியே என்றதும் தியேட்டரில் கடமைக்கு நிற்கிற தீயணைப்புக்காரர் ஒரு மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையாட்டினார். குத்துவிளக்கில் எண்ணெய் விட்டு ஏற்றினோம். எங்கள் ஆட்கள் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். சந்தைக்காரர் தங்கள் பழப்பெட்டிகளைக் கவிழ்த்து இருந்தார்கள்.

ஆரணி ஆடினாள். பலகைக்குக் கீழே வெற்றிடம், சுற்றிவரக் கல்லுச் சுவர். அவள் காலடி ஒவ்வொன்றும் எங்கள் நெஞ்சில் வந்து விழுந்தது. உள்ளே இருந்திருந்தால் இந்தச் சத்தம் வந்திருக்காது. வர்ணம் ஆடி முடித்தபோது மலர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். நானும் அழுதேன். நீனோ கதவுக்கு உள்பக்கம், இரும்புப் படிக்கு அந்தப் பக்கமே நின்றான். ஆட்டம் முடியும்வரை கதவின் இரும்பு நிலையில் இருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் நின்றான், எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான்.

ஞாயிறும் திங்களும் தியேட்டர் விடுமுறை. செவ்வாய் காலை உடுப்பறைக் கதவில் போய் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. போ என்றால் போய்விடுவது, ஆனால் செய்தது பிழை என்று மட்டும் சொல்வதில்லை என்று முடிவோடுதான் போயிருந்தேன். சிஞ்ஞோரா ரொசாலியா எதையோ தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்த்தவில்லை.

"கை கழுவினியா?"

"கழுவினன்."

"வர்ணமோ என்னவோ, அந்தப் பெரிய ஆட்டத்திலை பிள்ளையின்ர இடுப்பு விசிறி இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஏன்?"

உடுப்பறை யன்னல் முற்றத்தைப் பார்த்தது. அன்று அதன் பலகைக் கதவு சாத்தியே இருந்தது. இடுக்கால் பார்த்திருக்கிறார், இடுப்பு விசிறி இறங்கியது தெரிகிற அளவுக்கு. ஆட்டத்தின் பெயரையும் யாரிடமோ கேட்டிருக்கிறார்.

"கொக்கி இளகினது சிஞ்ஞோரா."

"கொக்கியை நம்புறதோ? உடம்போடை சேர்த்து நாலு தையல் போட்டிருக்க வேணும். இத்தனை வருஷம் என்னட்டை என்ன படிச்சனி?"

"அந்த நிறத்திலை நூல் இல்லை, சிஞ்ஞோரா" என்றேன். உண்மையும் அதுதான். எங்கள் அறையில் எல்லா நிறத்திலும் நூல் இருந்தது, அந்த ஒன்றைத் தவிர.

அவர் எழும்பினார். என்னைத் தாண்டி வெளியே, நடைபாதையில் மாட்டியிருந்த தன் கோட்டிடம் போனார். பைக்குள் இருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை, இரண்டு விரல் நுனியால் பிடித்து எடுத்து என் கையில் போட்டார். தாளின் இடுக்கால் கத்தரிப்பூ நிற நூல் தெரிந்தது. பிறகு கதவின் இரும்புப் பூட்டைத் தொட்டார்.

"வீட்டிலை வைச்சிரு. இஞ்சை கொண்டு வராதை" என்றார். "ஏப்ரனைக் கட்டு. வேலை கிடக்குது."

பயம் விட்டுப்போய் அவர் அந்த நூலைத் தரவில்லை, ஜூலியா. கடைக்குப் போய், அந்த நிறத்தைக் கேட்டு, காசு கொடுத்து, தன் சொந்தக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குள்ளால் நடந்து வந்திருக்கிறார். பயந்துகொண்டேதான் வந்திருக்கிறார்.